ஆவியார் ஊறவைத்த காரியஸ்தர்

அழுகியது, முளைத்துப்போனது, ஈ மொய்ப்பது, எருக்குழிக்குப் போக வேண்டியது என்று எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் மரியாதையோடு குனிந்து மோந்து பார்த்த மனிதர், தஞ்சாவூர் ஜில்லா முழுவதற்கும் எங்கள் ஆவியார் ஒருவர்தான். கோயில் பிரசாதத்தைக்கூட யாரும் அவ்வளவு பக்தியோடு வாங்கி நான் பார்த்ததில்லை.

அவரைப் பற்றி எழுத வேண்டுமானால் முதலில் என் மானத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உட்கார வேண்டும். ஏனென்றால் நான் அப்போது முழுமனதாக நம்பியது இது: ஆவியார் ஊர்ப் பெரிய பண்ணையின் காரியஸ்தரைக் கொன்று, தார் டிரம்மில் போட்டு ஊறவைத்திருக்கிறார். அந்த நம்பிக்கையோடு அடுத்த அறையில் படுத்தேன், எழுந்தேன், பல் தேய்த்தேன், ஆபீசுக்கும் போனேன். டிரம்மில் இருந்தது முளைத்த நெல். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் பயந்தது போதும், உங்களையும் பயமுறுத்தி எனக்கு என்ன ஆகப்போகிறது?

சர்க்கார் சாராயக் கடைகளைத் திறந்து, பிறகு அதே சர்க்கார் இழுத்து மூடியிருந்த சமயம். அரபு நாட்டில் யாரோ எண்ணெய்க் குழாயைத் திருகி மூட, அதன் கடைசி முனை நீடாமங்கலத்து மண்ணெண்ணெய்க் கடையில் வந்து நின்ற சமயமும் அதுதான். நான் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஆபீசில் ஜூனியர் அசிஸ்டெண்ட். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, புரொபேஷன். புரொபேஷனில் இருக்கும் அரசு ஊழியன் எப்படி இருப்பான் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கண்டக்டர் விசில் ஊதினால்கூட எழுந்து நிற்பான்.

ஊருக்கு வெளியே மூடிக்கிடந்த ரைஸ்மில் ஒன்றின் முன்னறையில் நான் குடியிருந்தேன். பின்னால், புழுங்கலுக்கு நெல் அவிக்கும் கொட்டகையில் ஆவியார். அந்த மில்லில் அவர் இஞ்சின் பிட்டர். பங்காளிச் சண்டையில் மில்லைப் பூட்டியபோது எல்லாரும் மூட்டை கட்டினார்கள். இவர் மட்டும், "பாய்லரை யாரு பாத்துக்கறது?" என்று இருந்துவிட்டார். பாய்லரில் நெருப்பு போட்டு ஒரு வருஷம் ஆகிறது என்பதை அவரிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு ஆவியார். காரணம், வாயைத் திறந்தால் ஆவி.

"எல்லாத்துலயும் ஒரு ஆவி இருக்கு தம்பி. வைக்கல்ல இருக்கு, வாழைமட்டையில இருக்கு, வாய்க்கால்ல மண்டிக் கிடக்கே ஆகாயத்தாமரை, அதுல இருக்கு. பிரிச்சு எடுத்தா வண்டி ஓடும். நம்ம ஆளு என்ன பண்றான்? கொளுத்தறான். இல்லாட்டி மாட்டுக்குப் போடறான்."

"மாடு பாவம் சார், அது என்ன பண்ணும்?"

"மாட்டை ஏன்யா சொல்றே? அது நம்ம கட்சி. அதுவும் வைக்கல்லேருந்து சத்தைப் பிரிச்சுத்தானே பாலாக் குடுக்குது. உங்க டிபார்ட்மெண்ட்ல எதையாவது போட்டு எதாவது வந்திருக்கா?"

நான் எழுந்து நின்றேன். புரொபேஷன்.

வைக்கோலை இளக்கிச் சர்க்கரையாக்க பாட்டரி ஆசிட் வேண்டும் என்பது அவர் கண்டுபிடிப்பு. வைக்கோல் எவ்வளவு இளகியதோ தெரியாது, வேட்டி நன்றாக இளகியது. அந்த வேட்டியோடு அவர் வெயிலில் நின்றால் தரையில் நட்சத்திரம் தெரியும். ஒரு போர் வைக்கோலைக் கரைத்து, சுண்ணாம்பு போட்டு முறித்து, புளிக்கவைத்துக் காய்ச்சி, கடைசியில் மருந்து கிளாஸ் அளவுக்கு ஒரு திரவம் எடுத்தார். அதை யாரோ போட்டுவிட்டுப்போன பழைய ஸ்கூட்டரில் ஊற்றி உதைத்தார். ஸ்கூட்டர் உயிர்த்தெழுந்து ரயில்வே கேட் வரை ஓடியது. கேட் மூடியிருந்தது. ரயில் வருவதற்குள் வைக்கோல் தீர்ந்துவிட்டது. வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு வந்தவர் சொன்னார்: "போனது வைக்கல்ல. வந்தது தள்ளல்ல. பாதி வெற்றி."

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பானவர். குடிக்கமாட்டார். சோடா குடித்தால்கூட ஏப்பம் வருகிறது என்று குடிக்கமாட்டார்.

இனி நெல்லுக்கு வருகிறேன். அந்த வருஷம் தை மாதத்தில் பெய்யக்கூடாத மழை பெய்து, அறுத்துப் போட்டிருந்த கதிரெல்லாம் களத்திலேயே முளைத்துவிட்டது. முளைத்த நெல்லைக் கொள்முதலுக்கு எடுக்கமாட்டார்கள், குத்தினால் அரிசி நொறுங்கும், சோறு நாறும். பண்ணைக்கு அது பெரிய கவலையாக இல்லை. அறுவடைக் கூலியாக அந்த நெல்லையே அளந்து போடச் சொல்லிவிட்டார்கள். அளந்தவர் காரியஸ்தர். பண்ணை முதலாளி மெட்ராஸில் இருந்ததால் இங்கே வெயில், மழை, காரியஸ்தர் மூன்றும் ஒரே அதிகாரம்.

களத்தில் நின்றவர்களில் அஞ்சம்மாள் மட்டும்தான் மரக்காலைக் கையில் வாங்கிப் பார்த்தாள். நடவு கோஷ்டிக்குத் தலைவி. அவள் குரலுக்கு நாரை எழும்பும்.

"என்னாங்க இது, கூலியா? நாத்தா? இதைத் திங்கறதா, கொண்டுபோய் நடறதா?"

"குடுத்ததை வாங்கிக்கிட்டுப் போ. நிலத்தை வாங்கின திமிரு பேசச் சொல்லுதா?" என்றார் காரியஸ்தர்.

அப்போது அஞ்சம்மாள் சொன்னதை, கிஸ்தி வசூல் விஷயமாக அங்கே போயிருந்த நான் இரண்டு காதாலும் கேட்டேன். "இந்த நெல்லுலயே உன்னைய முக்கி ஊறவெக்கல, என் பேரு அஞ்சம்மா இல்ல!"

நிலத்தை வாங்கிய திமிர் என்று அவர் சொன்னதற்கு விளக்கம் வேண்டும். நில உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையிலிருந்து எடுத்த உபரி நிலத்தை ஐந்து கூலிக் குடும்பங்களுக்குப் பட்டா போட்டுக் கொடுத்திருந்தார்கள். அஞ்சம்மாள் குடும்பம் அதில் ஒன்று. நிலத்தைச் சாகுபடி செய்ய வேண்டும், தரிசாகப் போட்டால் ஒப்படை, அதாவது அந்தப் பட்டா, ரத்து. இது நிபந்தனை. பண்ணை சும்மா இருக்குமா? "தரிசாகக் கிடக்கிறது" என்று மனுப் போட்டுவிட்டது. குறுவை நடவு சமயத்தில் தாசில்தார் நேரில் வந்து பார்ப்பார் என்று ஆயிற்று. பயிர் நிற்கிறதா என்று கண்ணால் பார்த்து எழுதுவதற்கு எங்கள் ரெவின்யூ பாஷையில் அசமாயிஷ் என்று பெயர். பெயரைக் கேட்டு ஏதோ பலகாரம் என்று நினைத்துவிட வேண்டாம்.

நடவுக்குத் தண்ணீர் வேண்டுமே? மேட்டூரில் திறக்கவில்லை. ஆற்றில் ஆடு மேய்ந்தது. நாற்றங்காலை மட்டும் பெண்கள் குடத்தில் சுமந்து ஊற்றி உயிரோடு வைத்திருந்தார்கள். வயல் வெடித்துக் கிடந்தது. வயலோரம் ஒரு குழாய்க் கிணறு இருந்தது. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுகிற பழைய பம்பு இஞ்சின் ஒன்றை ஆவியார் பூட்டிக் கொடுத்திருந்தார். மண்ணெண்ணெய்தான் இல்லை. கடை முன்வாசலில் 'ஸ்டாக் இல்லை' பலகை, பின்வாசலில் பண்ணை வண்டி. நடவு இல்லையென்றால் தரிசு, தரிசென்றால் நிலம் பண்ணைக்கே திரும்பப் போகும். அவ்வளவுதான் கணக்கு.

இந்த நிலையில் ஒரு நாள் காரியஸ்தர் காணாமல் போனார். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. பண்ணை வீட்டில் கேட்டால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அதே வாரம் ஆவியார் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டார். அதுவரை அவர் எதையுமே பூட்டியதில்லை.

"உள்ள என்ன சார்?" என்றேன்.

"உனக்குத் தெரியவேணாம் தம்பி. தெரிஞ்சா நாளைக்கு நீ பொய் சொல்லணும். உனக்குப் பொய் சொல்ல வராது, வேர்க்கும்."

அப்போதே வேர்த்தது. அடுத்து அவர் ஒரு கூடை சுண்ணாம்புக் கல் வாங்கிவந்தார். வெள்ளையடிக்கத்தான் என்று நான் மனதைத் தேற்றினேன். ஆனால் மில்லில் வெள்ளையடிக்கச் சுவரே பாக்கியில்லை, எல்லாம் இடிந்து கிடந்தது. துப்பறியும் கதை படிக்கும் பழக்கம் உள்ளவனுக்குச் சுண்ணாம்புக் கல் பிணத்தைக் கரைக்கத்தான் என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கொட்டகைக்குள்ளிருந்து ஒரு வாடை வந்தது. புளித்த, கனத்த, மூக்கில் ஏறி உட்கார்ந்துகொள்கிற வாடை. கூடவே 'குளுக்... குளுக்...' என்று ஒரு சத்தம்.

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அஞ்சம்மாளின் குரல் கேட்டது.

"காரியஸ்தரு எப்படிண்ணே இருக்காரு?"

"பொருமிக்கிட்டே இருக்கார். மூடியைத் தொறந்து நல்லாக் கிண்டி விட்டேன்."

"இன்னும் அடங்கலையா?"

"அவ்வளவு சீக்கிரம் அடங்குவாரா? இன்னும் ரெண்டு நாள் ஊறட்டும். அப்புறம் அடியில நெருப்பைப் போட்டா ஆவி தானாப் பிரிஞ்சிடும். சக்கையை எருக்குழியில கொட்டிடலாம்."

"வயலுக்கு எருவாவாச்சும் ஆவட்டும்" என்றாள் அஞ்சம்மாள்.

நீங்களே சொல்லுங்கள், இதை வேறு எப்படி அர்த்தம் செய்துகொள்வது? டிரம்முக்குக் காரியஸ்தர் என்று அவர் பெயர் வைத்திருப்பது எனக்கு எப்படித் தெரியும்? பிற்பாடு காரணம் கேட்டதற்குச் சொன்னார்: "எவ்வளவு நெல்லு போட்டாலும் வாங்கிக்குது. எப்பவும் ஏப்பம் விடுது. திருப்பிக் குடுக்கறப்ப மட்டும் சொட்டுச் சொட்டாத்தான் குடுக்குது. வேற என்ன பேரு வெக்கிறது?"

மறுநாள் ஆபீசில் எங்கள் ரெவின்யூ இன்ஸ்பெக்டரிடம் ஆரம்பித்தேன். "சார், பண்ணைக் காரியஸ்தர்..."

"அவருக்கென்ன?"

"ஊறிட்டிருக்கார் சார்."

"அந்தப் பண்ணையில ஊறின ஆளுதானேய்யா அவரு. இதைச் சொல்லவா கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறே? போய் டீ சொல்லு."

டீ சொன்னேன். அரசாங்கத்துக்குத் தகவல் கொடுத்துவிட்டேன் என்று மனச்சாட்சிக்கும் சொன்னேன். அது நம்பவில்லை.

அன்று மத்தியானம் அஞ்சம்மாள் ஒரு கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்து வைத்தாள். "தம்பி சாரு மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு? ஒழுங்காச் சாப்பிடுங்க."

"இது... என்ன கறி?"

"விராலு மீனு சார்."

மீன்தான் என்று முள்ளை முள்ளாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்த பிறகே வாயில் வைத்தேன். "எங்கூட்டுக் கொழம்புல இப்படி முள்ளு எண்ணின ஆளை நான் கண்டதே இல்ல" என்று முகவாயில் கையை வைத்துக்கொண்டாள்.

தாசில்தார் வெள்ளிக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. புதன்கிழமை காலை நான் முன்னறை வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் எதிரே, வெள்ளை வேட்டியும் குடையுமாக, முகம் வெளுத்து, கால்களை அகட்டி அகட்டி மெதுவாக வந்துகொண்டிருந்தார் காரியஸ்தர். சுண்ணாம்பில் ஊறிய உடம்பு அப்படித்தான் நடக்கும் என்று எனக்குப் பட்டது.

பம்பைப் போட்டுவிட்டு, "ஆவி! ஆவி!" என்று அலறினேன்.

"வர்றேன்யா, எதுக்குக் கத்துறே?" என்று கொட்டகையிலிருந்து பதில் வந்தது.

நான் கண் விழித்தபோது அஞ்சம்மாள் என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் காக்கிச் சட்டைகள். காரியஸ்தர் உயிரோடு, கோபத்தோடு, குடையோடு நின்றார். ஒரத்தநாட்டில் ஒரு மூல வைத்தியர் வீட்டில் குப்புறப் படுத்திருந்துவிட்டு வந்திருக்கிறார். வெளியே சொல்லிக்கொள்ளும் வியாதியா அது? ஊருக்குள் நுழைந்ததும் யாரோ, "உங்க பேர்ல மில்லுல ஒரு டிரம் ஊறுதாம்" என்று சொல்ல, நேரே போலீசுக்குப் போய் அவர்களைக் கையோடு கூட்டிவந்துவிட்டார்.

"என் பேர்ல சாராயம் காய்ச்சறானுவ சார்! நாளைக்கு யாரைப் பிடிப்பீங்க? என்னைத்தானே?"

போலீஸ் இன்ஸ்பெக்டர் கொட்டகைக்குள் போய்ப் பார்த்தார். டிரம்மில் நுரைக்கும் ஊறல். நெல் அவிக்கும் அண்டாவின் மேல் கவிழ்த்த பாத்திரம், அதிலிருந்து தண்ணீர்த் தொட்டி வழியாகச் சுருண்டு போகும் செப்புக் குழாய். ஓரத்தில் முந்தைய ஊறல்களைக் காய்ச்சி நிரப்பிய டின்கள். பேக்கரியில் வாங்கிய ஈஸ்ட் பொட்டலம். சரக்கில் மிச்சமிருக்கும் தண்ணீரை உறிஞ்சச் சுண்ணாம்புக் கல். நான் கற்பனையில் கட்டிய பிணம் கண்ணெதிரே துண்டு துண்டாகக் கழன்று பேக்டரியாக மாறியது. உயிர் வந்தது. வந்த உயிர் உடனே போயிற்று: மதுவிலக்குக் காலத்தில், அரசு ஊழியன் குடியிருக்கும் கட்டடத்தில் சாராய ஊறல்! இதற்குக் கொலையே தேவலை, கொலையென்றால் நான் வெறும் சாட்சி.

"எதுக்குய்யா காய்ச்சினே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தண்ணி அடிக்கத்தான்யா" என்றார் ஆவியார்.

"ஒப்புக்கறியா?"

"ஒப்புக்காம? அஞ்சு குடும்பத்துக்கும் அடிக்கணும். பொம்பளைங்க எல்லாம் விடிஞ்சதும் வந்து நிப்பாங்க."

"பொம்பளைங்களுமா!"

"அவங்க இல்லாம எப்படிங்க? அவங்கதானே எறங்கி நடணும்?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு, "யோவ், முதல்லேருந்து சொல்லு" என்றார். ஆவியார் முதலிலிருந்து சொன்னார். கூலியாக வந்த முளைத்த நெல், வராத மண்ணெண்ணெய், வெடித்த வயல், வெள்ளிக்கிழமை. "இது குடிக்கிற சாராயம் இல்லைங்க. எரிசாராயம். இஞ்சினுக்கு."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றான். ஏட்டு, பாரு."

ஏட்டையா இலாகா வழக்கப்படி ஒரு மூடியில் ஊற்றி, மோந்து, நாக்கில் விட்டார். அவர் முகத்தில் கண், மூக்கு, வாய் மூன்றும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. வாசலுக்கு ஓடினார். அவர் துப்பிய வேகத்துக்கு வேலியில் உட்கார்ந்திருந்த கோழி எழுந்துபோயிற்று.

"நிலவேம்பு போட்டு ஊறவெச்சிருக்கேன்" என்றார் ஆவியார் பெருமையாக. "நான் எடுத்த ஆவியை ஒருத்தனும் வாயில வெக்கக்கூடாது. ஏட்டையாவுக்கு இனிமே மூணு மாசத்துக்குக் காய்ச்சல் வராது."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்காகக் கோபப்பட்டார். "சட்டம் ருசி பாக்காதுய்யா. காய்ச்சினா கேசு. ஊறலைக் கவுக்கணும், சரக்கை அழிக்கணும். எனக்கு வேற வழி இல்ல."

"கவுங்க சார், கவுங்க!" என்றார் காரியஸ்தர்.

அஞ்சம்மாள் முன்னால் வந்து நின்றாள். "கவுத்துட்டுப் போங்க சாமி. வெள்ளிக்கெழம தாசில்தாரு வர்றப்ப, அஞ்சு குடும்பமும் அந்த வெடிச்ச வயல்ல வரிசையாக் குத்துக்கால் வெச்சு உக்காந்துக்கறோம். நடவுன்னு எழுதிக்கட்டும்."

'குளுக்' என்றது டிரம். ஒரு கான்ஸ்டபிள் அதைக் கவிழ்க்கக் கையை வைத்தார். அந்தச் சமயத்தில் எனக்கிருந்த ஒரே எண்ணம், இந்த மில்லில் சாராயம் இருந்த அடையாளமே இருக்கக்கூடாது என்பதுதான். தரையில் கொட்டினால் வாடை மாதக்கணக்கில் நிற்குமே! என்னை அறியாமல் கத்தினேன்:

"கொட்டாதீங்க சார்! எரிச்சிடுங்க! ஒரு சொட்டு விடாம எரிச்சிடுங்க!"

ஆவியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படியொரு வாஞ்சையோடு அவர் அழுகின வாழைமட்டையைத்தான் பார்த்து நான் கண்டிருக்கிறேன்.

"ரெவின்யூ தம்பி சொல்றதுதான் முறைங்க. கொட்டினா மாடு நக்கும், வாய்க்கால்ல கலக்கும், நாளைக்கு உங்க மேல பெட்டிஷன் வரும். எரிச்சாத்தான் அழிச்சதா அர்த்தம். சும்மா கொளுத்தினா கொட்டகை பத்திக்கும். இஞ்சின்ல ஊத்தி எரிச்சா உங்க கண்ணு முன்னாடியே கடைசிச் சொட்டு வரைக்கும் எரியும்."

இன்ஸ்பெக்டர் டின்களை விரலால் எண்ணினார். பிறகு அஞ்சம்மாளைப் பார்த்தார். "நாத்து எத்தனை நாள் நாத்தும்மா?"

"முத்திப்போச்சு சாமி. இனிமே தாங்காது."

"எங்க ஊர்லயும் முத்திப்போச்சு" என்றார் யாரிடமோ சொல்வதுபோல. உடனே போலீஸ் குரலுக்கு மாறினார்: "ஏட்டு, ஒரு பாட்டில் சாம்பிள் எடுத்து சீல் வை. ஊறலைக் கவுத்துடு. காய்ச்சின சரக்கை எரிச்சு அழி. கடைசி டின் வரைக்கும் பக்கத்துலயே நில்லு." ஆவியாரிடம் திரும்பினார். "ஆனா கேசு உண்டு. ரிமாண்டு உண்டு. அதுல மாத்தம் இல்ல."

"தாராளமாப் போடுங்க. இஞ்சின் ஓடி முடியட்டும், நானே வந்து ஏறிக்கிறேன்" என்றார் ஆவியார், சினிமாவுக்குக் கூப்பிட்டதுபோல.

காரியஸ்தர் மெல்ல நழுவப் பார்த்தார். "எங்க போறீங்க? புகார் குடுத்தவர் நீங்க, அழிக்கிறதுக்கும் சாட்சி நீங்கதான்" என்று இன்ஸ்பெக்டர் நிறுத்திவிட்டார்.

வயலில் இஞ்சின் சுலபத்தில் கிளம்பவில்லை. "மொதல் உதைக்கு மட்டும் கொஞ்சம் பெட்ரோல் வேணும்" என்று ஆவியார் தலையைச் சொறிந்துகொண்டே இன்ஸ்பெக்டரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் வானத்தைப் பார்த்தார். ஏட்டையா ஒரு மூடி பெட்ரோல் பிடித்துக் கொடுத்தார். கயிற்றைச் சுற்றி இழுத்ததும் இஞ்சின் இருமியது, செருமியது, பிறகு ஒரேயடியாகப் பாட ஆரம்பித்தது. புகைபோக்கியிலிருந்து பலகாரம் சுடும் பண்டிகை வீட்டு வாடை வந்தது. குழாயில் முதலில் காற்று, பிறகு சேறு, அதன் பிறகு என் தொடை கனத்துக்குத் தண்ணீர்.

அஞ்சம்மாள் கத்தவில்லை. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி சத்தமே இல்லாமல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினாள். மற்ற பெண்கள் பின்னால் இறங்கினார்கள்.

அன்று பகல் முழுவதும் நிலவேம்பு தன் வேலையைக் காட்டியது. அதன் கசண்டு போய், எண்ணெய் சொட்டும் ஜெட்டை அடைக்கும். இஞ்சின் விக்கும். ஆவியார் ஊசியால் குத்திவிடுவார். மறுபடி ஓடும். புனலைப் பிடித்து ஊற்றும் வேலை எனக்கு. என் கை ஆடிய ஆட்டத்தில் எரிசாராயம் சொட்டுச் சொட்டாக விழுந்தது. "தம்பி கையே கார்ப்பரேட்டர்யா, ஒரே சீரா விழுது பாரு" என்று அவர் ஏட்டையாவிடம் காட்டினார். வரப்பில் காரியஸ்தர் குடை பிடித்துக்கொண்டு, பண்ணையை விட்டுப்போன நிலத்தில் தண்ணீர் பாய்வதற்குச் சாட்சியாக நின்றார். உட்காரச் சொல்லி இளநீர்கூடக் கொடுத்தாள் அஞ்சம்மாள். இளநீரை வாங்கிக்கொண்டார். உட்கார முடியாது என்றார்.

பொழுது சாயும்போது கடைசி டின் காலி. இஞ்சின் நின்றது. தண்ணீர் போதவில்லை. ஐந்து குடும்பங்களின் வயலிலும் பாதையோரமாகக் கொஞ்சம் கொஞ்சம்தான் சேறாகியிருந்தது. அந்தச் சேற்றில் நட்டார்கள். ஆவியார் கைகால் கழுவிக்கொண்டு, வேட்டியில் ஆசிட் ஓட்டை தெரியாத பக்கமாகத் திருப்பிக் கட்டிக்கொண்டு, ஏட்டையாவோடு கிளம்பினார். போகும்போது என்னிடம், "ஜெட்டைக் கழட்டி நல்ல தண்ணியில போட்டு வை தம்பி" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை தாசில்தார் வந்தார். பயிர்க் கணக்கு எழுதும் அடங்கல் புத்தகத்தோடு நான் பின்னால் நின்றேன். பாதையோரப் பச்சையைப் பார்த்தார், அதற்கு அப்பால் வெடித்துக் கிடந்த வயலையும் பார்த்தார்.

"என்னம்மா இது, நடவா? பாய் விரிச்சிருக்கியா?"

"பாயி விரிச்சாச்சு சாமி. ஆறு வந்தா வீடு பூராவும் விரிச்சிடுவோம்" என்றாள் அஞ்சம்மாள்.

தாசில்தார் குனிந்து ஒரு நாற்றை இழுத்துப் பார்த்தார். "ஐந்து சர்வே நம்பரிலும் குறுவை நடவு நடைபெறுகிறதுன்னு எழுதுய்யா" என்றார் என்னிடம். எழுதினேன். அந்த எழுத்து இன்றும் அடங்கலில் கொஞ்சம் கோணலாக இருக்கும்.

அடுத்த வாரம் ஆற்றில் தண்ணீர் வந்தது. மீதி வயலையும் நட்டார்கள். ஒப்படை ரத்தாகவில்லை. கோர்ட்டில் கேஸ் நடந்தது. குடிப்பதற்காகக் காய்ச்சியதல்ல என்று ஏட்டையா முகத்தைச் சுளித்துக்கொண்டே சாட்சி சொன்னதில் தண்டனை குறைந்தது, ஆனால் இல்லாமல் போகவில்லை. ஆவியார் தீர்ப்பு வரும்வரைக்கும் சப்-ஜெயிலில்தான் இருந்தார், அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் இருந்தார்.

அவருக்கு நான் மத்தியானச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவேன். முதல் நாள் ஆபீஸ் சைக்கிளிலேயே, எல்லாரும் பார்க்கக் கடைத்தெரு வழியாகத்தான் போனேன். ஜெயில் வாசலில் வார்டர் மறித்தார். சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்றார்.

"அவருக்கு நீ என்னய்யா வேணும்?"

தம்பி என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். வேர்க்கவில்லை.